வாய்க்கு எம்சி

என் வாழ்நாளில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது மொத்தம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளை எனக்கு விதித்தவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எங்கள் குடியிருப்பின் பின் வரிசையில் கடைசி வீட்டில் இருந்த ஓர் அம்மாள். அடையாள அட்டையில் அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கே அவர் டார்ச் அக்கா. என்னைவிட மூத்தவரா இளையவரா என்றும் தெரியாது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இருவருமே அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பவில்லை.

திகாம் பத்துவிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில் எங்கள் தாமான் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்களுக்காகக் கட்டிய மலிவு வீடுகள். அக்காவும் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்தான். அங்கே கிளினிக்கில் வேலை. வேலை என்றால் கூட்டுவது, பாத்திரம் கொதிக்க வைப்பது, தோட்டத்து வைத்தியரான டிரஸ்ஸர் நோயாளியின் தொண்டையைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பது. இருபது வருடம் பிடித்திருக்கிறார். டிரஸ்ஸர் பார்த்த தொண்டை எல்லாவற்றையும் அவரும் பார்த்திருக்கிறார். வெளிச்சம் அவர் கையில் இருந்ததால் சற்று நன்றாகவே பார்த்திருப்பார். தோட்டம் கைமாறி, கிளினிக்கை மூடியபோது டிரஸ்ஸர் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். டார்ச் இவரோடு வந்துவிட்டது.

தொண்டையைத் தவிர வேறு எதற்கும் அவர் வைத்தியம் பார்க்க மாட்டார். நெஞ்சுச் சளி என்று யாராவது ஆரம்பித்தால், "அது கிளினிக் பார்ட்டு. போய் நம்பர் எடு" என்பார். மூக்கு ஒழுகினால், "அது மேல் மாடி, எனக்குத் தெரியாது" என்பார். கழுத்துக்கு உள்ளே நாலு விரற்கடை இடம்தான் அவருடைய ராஜ்ஜியம். அதற்குள் அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது. எப்படிப் பேசுவது, வாயில்தான் கரண்டி இருக்குமே.

அந்தக் கரண்டியை நோயாளிதான் தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒருத்தர் நாக்கை அமுக்கிய கரண்டியை இன்னொருத்தர் வாயில் வைப்பது அவருக்கு ஆகாது. அதனால் எங்கள் தாமானில் ஒருவன் சட்டைப் பையில் சாப்பாட்டுக் கரண்டியைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனால், எங்கே போகிறான் என்று கேட்க வேண்டியதில்லை. "என்ன, தொண்டையா?" என்று வழியில் நிற்பவர்கள் கேட்பார்கள். அவனால் பதில் சொல்ல முடியாது. கையை ஆட்டிவிட்டுப் போவான்.

கோவிட் வந்தபோது இந்தக் கரண்டி பெரிய வம்பாகிவிட்டது. அப்போதெல்லாம் தொண்டை வலி என்று சாமியிடம்கூடச் சொல்ல முடியாது. இரண்டு முறை இருமினால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். கரண்டியைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவர்களை அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார். "மொதல்ல டெஸ்ட் எடுத்துட்டு வா. எடுக்காம வந்தா நானே போன் போட்டுச் சொல்லிருவேன்" என்றார். டார்ச்சை எடுக்கவே இல்லை. ஆனால் உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும். "பாருங்கலா, ஒலகமே ஒரு வழியா நம்ம டிபார்ட்மெண்டுக்கு வந்து சேந்திருச்சு" என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

ஆள் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. கடைத் தெருவில் வணக்கம் சொன்னால் யாரோ என்று பார்ப்பார். கொட்டாவி விட்டால் போதும், "ஓ, நீங்களா" என்பார். சாவு வீடுகளில் வாய்விட்டு அழுபவர்களின் அருகிலேயே போய் உட்காருவார். ஆறுதல் சொல்லத்தான் போகிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் எனக்குப் பின்னால் வந்து, "அந்தப் பெரியப்பா மகளுக்கு டான்சில் வீங்கியிருக்கு, பாவம், யாரும் பார்க்கல" என்று ரகசியமாகச் சொன்னார். பிணம் எடுப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு உப்புத் தண்ணீர் வந்துவிட்டது.

மருந்து ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கரண்டி உப்பு, நாளைக்கு நாலு தடவை கொப்புளிக்க வேண்டும். இஞ்சித் தண்ணீரில் தேன். ஐஸ் கூடாது, பொரித்தது கூடாது, சிகரெட் கூடவே கூடாது. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ டார்ச்சை அணைத்துவிட்டு, "காடி எடு, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுந்துவிடுவார். எங்கள் ஊரில் டாக்டர் கொடுத்த ஆண்டிபயாடிக்கில் பாதியை மிச்சம் வைத்து, அடுத்த முறை மாமியாருக்கு மருமகள் கொடுப்பதும் மருமகளுக்கு மாமியார் கொடுப்பதும் உண்டு. அந்த இரண்டு பேரும் வீட்டில் பகிர்ந்துகொண்டது அந்த மாத்திரை ஒன்றைத்தான். அதையும் அக்கா தடுத்துவிட்டார்.

கொப்புளிப்பதை அவர் முன்னால்தான் செய்ய வேண்டும். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் நிற்க வைத்துக் காதால் கேட்பார். ஒருமுறை என்னிடம், "உங்க தண்ணி தொண்டைக்கே போகலண்ணே. வாயிலயே சுத்திட்டு வெளிய வந்துருது" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி ரொம்ப நேரம் சிரித்தாள். அதில் என்ன சிரிப்பு என்று நான் கேட்கவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய உண்மையான மருந்து வரும். அதுதான் எம்சி. டாக்டர் எழுதிக் கொடுக்கும் விடுப்புச் சீட்டுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் மருந்தைக் கிளினிக்கில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் வருவார்கள், எம்சியை மறக்க மாட்டார்கள். அக்கா அதை வாய்க்குக் கொடுத்தார். "ஒங்க வாய்க்கு ரெண்டு நாள் எம்சி" என்றால் இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது. ஒரே மாதிரி சிவந்த தொண்டைக்கு ஒருவருக்கு அரை நாளும் இன்னொருவருக்கு மூன்று நாளும் ஏன் என்று கேட்டால், "டார்ச் புடிக்கிறது நானா நீங்களா" என்பார்.

கோயில் தலைவருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் மாரியம்மன் கோயில் ஆண்டுக் கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கினால் தலைவர் உரை பன்னிரண்டரைக்கு முடியும். அதற்குள் வந்தவர்கள் பசியில் எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒரு வருடம் கூட்டத்துக்கு முதல் நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கரண்டியோடு போனார். இரண்டு நாள் எம்சி. மறுநாள் மேடையில் மாலையோடு சும்மா உட்கார்ந்திருந்தார். பத்தரைக்கே கூட்டம் பொதுவுக்கு, அதாவது வந்தவர்கள் கேள்வி கேட்கும் கட்டத்துக்கு, வந்துவிட்டதால், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, கோயிலில் பெண்களுக்குக் கழிப்பறை எப்போது வரும் என்று கேட்டார். ஒன்பது வருடமாக மனத்தில் வைத்திருந்த கேள்வியாம். பதில் பேச ஆள் இல்லை, அதனால் கட்டித்தான் தர வேண்டியதாயிற்று. திறப்பு விழாவில் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை மறைத்துப் பயன் இல்லை. அலோர் ஸ்டாரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் மைக் என் கையில்தான். அவையோருக்கு வணக்கம் சொல்லவே எனக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். பெரியவர்கள், தாய்மார்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள், வர நினைத்து முடியாமல் போனவர்கள் என்று ஒருவரையும் விட மாட்டேன். ஒருமுறை நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவருக்கும் ஒரு வணக்கம் சொன்னேன்.

ஆகவே டார்ச் அக்காவிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டு மருமகள் விஷயத்தில் ஆரம்பித்தது. அந்தப் பெண் பேசி யாரும் கேட்டதில்லை. மாமியார் பேசுவார், புருஷன் பேசுவான், மீதி நேரம் டிவி பேசும். அவளும் ஒருநாள் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கரண்டியோடு வந்தாள். அக்கா முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அங்கே எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தினமும் சாயங்காலம் தன் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் சத்தமாகப் பேச வேண்டும் என்றார்.

"என்னக்கா பேசறது?" என்று அவள் கேட்டாளாம்.

"எதையாச்சும் பேசு. பாசார்ல மீன் என்ன வெலன்னு சொல்லு. மீன்காரனத் திட்டு."

முதல் வாரம் மீன் விலை பேசினாள். அப்புறம் மீன்காரனைத் திட்டினாள். மூன்றாவது வாரம் திட்டு வேறு ஆட்களுக்குப் போயிற்று. ஒரு மாதத்தில் அவள் குரல் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. "இன்னைக்கு எனக்கு முடியல, நீங்களே போய் தாப்பாவ் பண்ணிட்டு வாங்க" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பேசாமல் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தான். அடைப்பு போன இடம் தெரியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவிடம் போய், "எனக்கு இருமல் வந்தாக்கூட வாய மூடுங்கிறீங்க. அவளுக்கு மட்டும் பேச்சுப் பயிற்சியா?" என்று கேட்டேன்.

"தொண்டை ரெண்டு வகையா கெடும்ண்ணே" என்றார் அவர். "மோட்டோ மாதிரிதான். ஓட்டி ஓட்டியும் கெடும். ஓட்டாமப் போட்டு வச்சாலும் கெடும்."

"அப்ப நான் ஓட்டிக் கெடுத்தேன்னு சொல்றீங்க."

"ஒங்க மோட்டோவுல ஒரு ஆள்தான் ஒக்கார எடமிருக்கு. அதச் சொல்றேன்."

இரண்டு மாதம் அவரோடு நான் பேசவில்லை. அவருக்கு அது ஒன்றும் குறையாகத் தெரிந்த மாதிரி இல்லை.

இனி அந்த ஐந்து நாள். என் ஒரே மகள் படித்துப் பட்டம் வாங்கியவள். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் அதிகாரி. அவளுக்கு அலோர் ஸ்டாரில் ஏசி ரிப்பேர் செய்யும் ஒரு பையனைப் பிடித்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. பேசினேன். கல்வியின் அருமையைப் பற்றி, நம் சமுதாயத்தின் முன்னேற்றத்தைப் பற்றி, தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்பதைப் பற்றி, ஆனாலும் ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். பையன் தங்கமானவன், அதுதான் எனக்குச் சிக்கல். கெட்டவனாக இருந்தால் மறுத்திருக்கலாம். கிராணி மகள் ஏசிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று கோயிலில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது என்று சொல்லவும் வெட்கம். அதனால் பேச்சு நீண்டது.

கடைசியில் என் மனைவியே பையன் வீட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டாள். அந்த வாரத் தொடக்கத்தில்தான் கோயில் திருவிழா முடிந்திருந்தது. மூன்று நாள் இடைவிடாமல் மைக் பிடித்ததில் என் குரல் தகரத்தைச் சுரண்டிய மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி என் சட்டைப் பையில் கரண்டியைச் செருகி, அக்கா வீட்டுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். டார்ச்சை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"நல்லா செவந்திருக்குண்ணே. நாளையிலேர்ந்து அஞ்சு நாள்."

நான் விரலை மடக்கினேன். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. "ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்களே" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"வரட்டும். அவங்களுக்கு வாய் இருக்கும்ல."

இது சூழ்ச்சி என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் சுங்கைப்பட்டாணியில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். என் மகள் வயதுதான் அந்த டாக்டருக்கு. பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது, ஒரு வாரம் பேசவே கூடாது என்றாள். டார்ச் அக்கா இரண்டு நாள் தள்ளுபடி கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எம்சி வேண்டும் என்று சைகை காட்டினேன். "ரிட்டயர் ஆயிட்டீங்களே அங்கிள், யார்கிட்ட காட்டப் போறீங்க?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். காகிதத்தில் எழுதிக் காட்டினால் மனைவி கண்ணாடியைக் காணோம் என்றாள். குடும்ப வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். என் தம்பி கட்டைவிரல் போட்டான், அவ்வளவுதான். ஆனால் ஒன்று நடந்தது. நான் பேசாததால் என் வீட்டில் மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. என் மனைவி சமைக்கும்போது பாடுகிறாள். முப்பத்து நாலு வருடக் குடித்தனம், எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவும் மகளும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலில் இருந்தேன்.

"அப்பா தடுக்க மாட்டார்டி. நீ ஏன் பயப்படுற?"

"தடுத்தாக்கூடப் பரவால்லம்மா, சண்டை போடலாம். அவர் பேசிட்டே இருக்கார். மூணு வருசமா நானும் முழுசாக் கேட்டுட்டேன், அதுல சரின்னு ஒரு வார்த்த வரல. அவர் வாயால அதச் சொல்லாம நான் போக மாட்டேன். வயசாயிட்டாலும் சரி."

அதற்கு மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. குக்கர் கூவிவிட்டது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிடமே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எம்சியாவது மண்ணாவது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அறைக்குள் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் உரை எழுதினேன். எட்டுப் பக்கம். அவள் கேட்ட அந்த வார்த்தை ஏழாவது பக்கத்தின் கீழே வந்தது. எழுதி முடித்ததும் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அலோர் ஸ்டாரிலிருந்து இரண்டு காடியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். டார்ச் அக்கா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உறவு முறையில் அவர் எங்களுக்கு ஒன்றும் இல்லை. என் தொண்டைக்குக் காவலாக வந்திருந்தார்.

முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் அவ்வளவு நேரம் அமைதி இருந்ததே இல்லை. ஏசி சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. மாப்பிள்ளைப் பையன் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்க் கழற்றிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு என் மனைவி பேச ஆரம்பித்தாள். மகளுக்குச் சமையல் சுமாராகத்தான் வரும் என்றாள். கோபம் வந்தால் பேசாமல் இருப்பாள், அதுதான் அவள் கோபம் என்றாள். அவர்களும் தங்கள் வீட்டுக் குறைகளைச் சொன்னார்கள். நானாக இருந்தால் இதில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் கேட்கக் கேட்க இரண்டு குடும்பமும் நெருங்கி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

வெற்றிலை பாக்குத் தட்டு வெளியே வந்தது. அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க பழக்கம், பொண்ணோட அப்பா வாயால சொன்னாத்தான் தட்டு மாத்தறது. இவரு ஒண்ணும் சொல்லலையே."

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்குங்க" என்றாள் மனைவி.

"அப்ப தலைய ஆட்டினாப் போதும்லா" என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்.

"போதாது மாமா."

சொன்னவள் என் மகள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அப்பா மூணு வருசமாத் தலைய ஆட்டிட்டுத்தான் இருக்கார். எந்தப் பக்கம் ஆட்டுறார்னே எனக்குத் தெரியல. இன்னைக்கு அவரால முடியலன்னா பரவால்ல. அவரால முடியுற அன்னைக்கு நீங்க மறுபடியும் வாங்க. நான் இருப்பேன்."

தட்டு பாதி வழியில் நின்றது. பையனின் அம்மா முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு முறை அலோர் ஸ்டாரிலிருந்து இவர்கள் வருவார்களா, வந்தாலும் இதே மனத்தோடு வருவார்களா என்று நினைத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து எட்டுப் பக்கத்தையும் எடுத்தேன். மனைவி வாசிக்கட்டும் என்று நீட்டினேன்.

டார்ச் அக்கா எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். எத்தனை பக்கம் என்று மட்டும் புரட்டிப் பார்த்தார். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை பேசலாம்ண்ணே" என்றார். "ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல தொண்டை தாங்காது."

ஒரு வார்த்தை. அவையோருக்கு வணக்கம் சொல்லக்கூட அது பத்தாது. ஆயிரம் பேர் இருந்த மண்டபத்தில் வார்த்தை தேடாதவன், பன்னிரண்டு பேர் முன்னால் தேடினேன். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. 'சம்மதம்' என்பது கம்பீரமாக இருக்கும் என்று தோன்றியது. 'ஆகட்டும்' இன்னும் எடுப்பு. யாரைப் பார்த்துச் சொல்வது என்று சுற்றிலும் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஆனால் என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட ஃபாரத்தில் கையெழுத்து வாங்க என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாளே, நான் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பாளே, அதே முகம்.

"சரிம்மா" என்றேன்.

குரல் பாதிதான் வந்தது. அவளுக்குக் கேட்டுவிட்டது. மூன்று வருடமாக அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நான்தான் அதைச் சொல்ல எனக்கே இடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

தட்டு கை மாறியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையனின் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பேச ஆரம்பித்தாள். கல்யாணத்தைக் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். தொழிற்சாலையில் தனக்கு எந்த மாதம் விடுப்புக் கிடைக்கும் என்றாள். அந்தப் பையனை முதலில் எங்கே பார்த்தாள் என்பதைக்கூடச் சொன்னாள். அவள் அலுவலக ஏசியைப் பழுது பார்க்க வந்தவன், ஏணியின் மேல் இருந்துகொண்டு, குளிர் அதிகமா என்று அவளிடம் கேட்டானாம். இப்படி ஒருத்தர் கேட்டதே இல்லை என்று சிரித்தாள். எனக்கு இதெல்லாம் புதுச் செய்தி.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, டார்ச் அக்கா மறுபடியும் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"பரவால்லண்ணே, எறங்கியிருக்கு. ராத்திரி வரைக்கும் வேணாம், இப்பவே பேசலாம்."

இடுப்பிலிருந்து அந்த எட்டுப் பக்கத்தை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஹாலில் என் மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், எனக்கு அதைக் கேட்க வேண்டியிருந்தது.